பன்னிரண்டரை அடி அகல வீட்டில் ஹார்ன் ஸ்பீக்கர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாங்கோனில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஆளுயரத்துக்கு இரண்டு ஹார்ன் ஸ்பீக்கர்கள் நிற்பது தெரிந்ததிலிருந்து, கல்யாண வீடு, டீக்கடை, கோயில் வாசல் என்று எங்கே போனாலும் யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். புதிதாக வீடு வாங்கி, முன்கூடத்தைப் பாட்டுக் கேட்கும் அறையாக ஆக்க நினைப்பவர்கள்தான் அதிகம். கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள். வாயால் சொல்லிச் சலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

நான் என்ஜினியர் இல்லை. கையைச் சுட்டுக்கொண்டே கற்றுக்கொண்டவன். என் செட் இதுதான்: கீழே அடிச்சுரம் பாடும் 15 அங்குல வூஃபர் வைத்த பெட்டி, அதன்மேல் 800 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, எண் ஏறினால் சுரமும் ஏறும்) மேலுள்ள எல்லாவற்றையும் பாடும் மர ஹார்ன், அதன் பின்னால் ஹார்னுக்குள் ஒலியை ஊட்டும் பழைய கம்ப்ரஷன் டிரைவர். டிரைவர் மட்டும் வாங்கியது. மற்றதெல்லாம் ஒரு தச்சரோடு சேர்ந்து செய்தது.

ஹார்ன் என்றால் கோயில் திருவிழாவில் கட்டும் குழாய்தானே?

பங்காளிதான், ஆனால் குணம் வேறு. திருவிழாக் குழாய் பேச்சு தூரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே பிறந்தது. உள்ளே ஒலி இரண்டு முறை மடங்கி வெளியே வரும். சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஒன்றுமே இல்லை, மேலே போனாலும் சீக்கிரம் மூச்சு வாங்கிவிடும். தகரமும் சேர்ந்து பாடும். அதை வீட்டுக் கூடத்தில் மாட்டாதீர்கள். மாட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். இப்போது அதைத் தலைகீழாக வைத்துப் பூச்செடி வளர்க்கிறார்.

அப்படியென்றால் ஹார்ன் என்னதான் செய்கிறது?

நாகசுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதினால் குழந்தையின் பீப்பி மாதிரி கீச்சிடும். அதையே கெண்டையில் செருகி, உலவும் அணசும் சேர்த்து ஊதினால் தெருக்கோடி வரை கேட்கும். ஊதுகிறவரின் மூச்சு கூடிவிடவில்லை. மெல்ல மெல்ல விரியும் குழாய் அந்தச் சின்ன அதிர்வை வெளிக் காற்றோடு சேர்த்துவைக்கிறது, அவ்வளவுதான். பர்மியரின் பாரம்பரிய மேளக்குழுவான சைங் வைங்கில் ஊதும் ஹ்னெ என்ற குழலும் இதே கதை. அதன் உலோக வாயைப் பார்த்தாலே புரியும்.

கம்ப்ரஷன் டிரைவருக்குள் இருக்கும் தகடு சிறியது. அது ஹார்னின் தொண்டையில் நிறைய அழுத்தத்தோடு, கொஞ்சமாக அசைகிறது. ஹார்ன் அதை வாயருகே குறைந்த அழுத்தமுள்ள பெரிய காற்றசைவாக மாற்றிக் கொடுக்கிறது. சாதாரண பெட்டி ஸ்பீக்கர் தனக்குக் கொடுத்த மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கைத்தான் ஒலியாக்கும், மிச்சமெல்லாம் சூடு. நல்ல ஹார்னில் அது பத்து, இருபது பங்கு வரை போகும். சத்தத்தை அளக்கும் டெசிபெல் கணக்கில் சொன்னால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளக்கும்போது சாதாரணப் பெட்டி 87, ஹார்ன் செட் 102 என்று வைத்துக்கொள்வோம். 15 டெசிபெல் வித்தியாசம் என்றால் சுமார் 32 மடங்கு வாட்.

எங்கள் பக்கம் கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. இதில் இவ்வளவு பெரிய ஸ்பீக்கர் தேவையா அண்ணே?

அதனால்தான் தேவை என்கிறேன். ஸ்பீக்கர் பெரிதாக இருந்தால் கரண்டும் நிறையத் தின்னும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ்.

கணக்கைப் பாருங்கள். பத்தடி தூரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொள்ளக்கூடிய அளவுக்குச் சற்று மேலே, சராசரி 75 டெசிபெல்லில் கேட்கிறீர்கள். 102 டெசிபெல் ஹார்னுக்கு அதற்கு ஒரு வாட்டில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். தவில்காரர் ஓங்கி அடிக்கும்போது சராசரியைவிட 20 டெசிபெல் எகிறும். அந்த நொடிக்கு 2 வாட். அதே அடியை 87 டெசிபெல் பெட்டியில் கேட்க 60 வாட் வேண்டும்.

ஆகவே 12 வோல்ட் பேட்டரியில் நேராக ஓடும், கரண்டை வீணாக்காத கிளாஸ் டி வகைச் சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்று போதும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஏழெட்டு வாட்டுக்கு மேல் தராது, தர வேண்டிய அவசியமும் இல்லை. பாட்டு வாசிக்கும் கருவி, ஒலியை வூஃபருக்கும் ஹார்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர், ஆம்ப் எல்லாம் சேர்த்து என் வீட்டில் 20 வாட்தான் இழுக்கிறது. 100 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்யக்கூடாது என்று வைத்தாலும் 600 வாட்-அவர் இருக்கிறது, அதாவது முப்பது மணி நேரம். இன்வெர்ட்டர்கூட நடுவில் வேண்டாம். தெருவே இருட்டாகிக் கீழே ஜெனரேட்டர்கள் உறும ஆரம்பிக்கும்போது, ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாங்கள் பாட்டுக் கேட்கிறோம்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பில்லை. 1926, 27ல் பேசும் படம் வந்தபோது வாட் என்பது அரிதான சரக்கு. இருந்த சின்ன ஆம்பை வைத்து ஒரு கொட்டகை முழுக்கக் கேட்கவைக்க வேண்டியிருந்தது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் 555 டிரைவரும் ஆள் நுழையும் அளவு ஹார்ன்களும் அப்படித்தான் வந்தன. ஹார்ன் இல்லாத, கூம்புக் காகிதம் நேராகக் காற்றைத் தள்ளும் ஸ்பீக்கரை ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925லேயே செய்து காட்டிவிட்டார்கள். பின்னால் வாட் மலிவானபோது வீடுகளை அது பிடித்துக்கொண்டது. நம் ஊரில் வாட் மறுபடியும் அரிதாகிவிட்டது, அதனால் ஹார்னுக்கு மறுபடியும் வேலை.

அப்போ பழைய வால்வு ரேடியோ மாதிரி டியூப் ஆம்ப்தானே பொருத்தம்?

காதுக்குப் பொருத்தம், பேட்டரிக்குப் பொருத்தமில்லை. 2ஏ3 டியூப் ஒன்று மூன்றரை வாட் தரும், 300பி எட்டு வாட் தரும். ஹார்னுக்கு இரண்டுமே தாராளம். ஆனால் மூன்றரை வாட்டைக் கொடுக்க அந்த ஆம்ப் சுவரிலிருந்து நூறு வாட் பக்கம் இழுக்கும், சங்கீதம் ஓடினாலும் ஓடாவிட்டாலும். ஏப்ரல் வெயிலில் அறைக்குள் ஒரு கரியடுப்பு வைத்த மாதிரி இருக்கும். என்னிடமும் ஒன்று இருக்கிறது. கரண்ட் உள்ள குளிர்கால ராத்திரிகளில் மட்டும் போடுவேன், அப்போது அதற்கு ஈடில்லை.

200 வாட் ஆம்ப் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. ஹார்னில் நீங்கள் கேட்கப்போவது ஆம்பின் முதல் வாட்டை மட்டும்தான். முதல் வாட் சுத்தமாக இல்லாவிட்டால் மீதி 199 எதற்கு?

அறை பன்னிரண்டரை அடிதான் அகலம். ஹார்ன் அடங்குமா?

இங்கே நகரத்துக்குள் வீடு என்றால் 12½ அடி அகலம், 50 அடி நீளம். கொஞ்சம் வசதி இருந்தால் 25 அடி அகலம். ரயில் பெட்டி மாதிரி இருக்கிறதே என்று புலம்பாதீர்கள். இந்த ஒடுக்கத்தில் சாதாரண ஸ்பீக்கரைவிட ஹார்ன்தான் நன்றாக நடந்துகொள்ளும்.

சாதாரண ஸ்பீக்கரில் உச்ச ஒலியைப் பாடும் டோம் ட்வீட்டர் தன் பெரும்பகுதி வரம்பில் பக்கச் சுவரையெல்லாம் சேர்த்து நனைக்கும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேராக வந்த ஒலியோடு ஓரிரண்டு மில்லிசெகண்ட் பின்னால் வந்து கலந்து, பாடகர் எங்கே நிற்கிறார் என்பதையே குழப்பிவிடும். 90 பாகை அல்லது 60 பாகை என்று அளவு குறித்த ஹார்ன், டார்ச் லைட் போல அந்த விரிவுக்குள்தான் பாய்ச்சும். எங்கே விழ வேண்டும் என்று நீங்கள் தீர்மானிக்கலாம். ஒடுக்கமான வீட்டில் எனக்கு ஹார்ன் பிடிக்க முதல் காரணம் சத்தம் இல்லை, இதுதான்.

நான் வைத்த விதம்: முன்கூடத்தை 20 அடியாக எடுத்துக்கொண்டு, ஸ்பீக்கர்களைத் தெருப்பக்க ஜன்னல் சுவரின் முன்னே, முகம் வீட்டுக்குள் பார்க்க நிறுத்தினேன். ஒவ்வொன்றின் நடுவும் பக்கச் சுவரிலிருந்து இரண்டேகால் அடி. இரண்டுக்கும் நடுவே எட்டடி. நாற்காலி சுமார் பத்தடி தள்ளி. எனக்குப் பின்னால் சுவர் கிடையாது, சமையலறை வரை வீடு திறந்து கிடக்கிறது. பின்சுவர் எதிரொலிக்கும் தொல்லை அதனால் போயிற்று. ஜன்னலுக்குத் தடித்த திரை. தெருச் சத்தம் பாட்டுக்குப் பின்னாலிருந்து வருவதால் உறுத்தல் குறைவு என்பது நான் எதிர்பார்க்காத லாபம்.

அடுத்தது முகத்தைத் திருப்பும் கோணம். பெரும்பாலோர் நேராக முன்னால் பார்க்க வைத்துவிட்டு, சுவர் எதிரொலிக்கிறது என்று கவலைப்படுகிறார்கள். ஹார்னை நன்றாக உள்பக்கம் திருப்புங்கள். இரண்டின் நடுக்கோடுகளும் உங்கள் முகத்துக்கு ஓரடி, இரண்டடி முன்னாலேயே வெட்டிக்கொள்ள வேண்டும். அப்போது நாற்காலியில் இடப்பக்கம் நகர்ந்தவர் இடது ஸ்பீக்கருக்குக் கிட்டே போனாலும், அதன் நடுக்கோட்டிலிருந்து விலகி, வலது ஸ்பீக்கரின் நடுக்கோட்டுக்குள் வருகிறார். கிட்டத்தில் இருப்பது மங்கி, தூரத்தில் இருப்பது தெளிவதால் பாடகர் நடுவிலேயே நிற்பார். சோபாவில் மூன்று பேர் உட்கார்ந்தாலும் சண்டை வராது.

ஹார்னின் நடு, உட்கார்ந்த ஆளின் காது உயரத்துக்கு வரட்டும். தரையில் பாய் விரித்துக் கேட்பவர் என்றால் ஹார்னைச் சற்றுக் கீழே சாய்த்து வையுங்கள்.

மூலையில் வைக்கும் ஹார்ன் பற்றிக் கேள்விப்பட்டேன். அது?

அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் 1946ல் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன். இன்னமும் செய்கிறார்கள். அறையின் மூலைச் சுவர்களையே ஹார்னின் தொடர்ச்சியாகப் பயன்படுத்திய யோசனை எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். ஆனால் ஒன்று சுமார் 100 கிலோ. பழைய மாடல்களுக்கு இடைவெளியில்லாத, கெட்டியான மூலை இரண்டு வேண்டும். நம் வீட்டில் ஒரு முனையில் பால்கனிக் கதவு, இன்னொரு முனையில் குளியலறை. மேலும் மூலையிலிருந்து 45 பாகையில் பார்த்தால் 12½ அடி அறையில் இரண்டு கோடும் ஆறேகால் அடியிலேயே வெட்டிவிடும். 25 அடி வீட்டுக்காரர்கள் யோசிக்கலாம்.

மாடிக்கு எப்படி ஏற்றுவது?

வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, வாங்கிய பிறகு கேட்கிறார்கள். லிஃப்ட் இல்லாத ஆறு மாடி, ஒரு ஆள் இறங்கினால் இன்னொருவர் ஒதுங்கி நிற்கும் படிக்கட்டு. படியின் அகலத்தை அளக்காதீர்கள், படி திரும்பும் இடத்தை அளந்து பாருங்கள். என் முதல் பெட்டி இரண்டாவது மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் போக்குவரத்து நின்றது. பால்கனியிலிருந்து தொங்கும் மணிக்கயிற்றில் பேப்பர் ஏற்றலாம், வூஃபர் பெட்டி ஏற்ற முடியாது. பெட்டியை இரண்டாகப் பிரித்து மேலே வந்து போல்ட் போடும்படி செய்யச் சொல்லுங்கள்.

ஹார்ன் என்றாலே மூக்கால் பேசும், கத்தும் என்கிறார்களே?

இரண்டு கையையும் வாயருகே குவித்துப் பேசிப் பாருங்கள். அந்தச் சத்தத்தைத்தான் சொல்கிறார்கள். கெட்ட ஹார்ன் அப்படித்தான் பேசும், நல்ல ஹார்னையும் கெடுத்து அப்படிப் பேசவைக்கலாம். நான் பார்த்தவரை காரணங்கள் இவை.

ஹார்னைத் தாங்க முடியாத அளவு கீழே பாடவிடுவது முதல் குற்றம். ஒவ்வொரு ஹார்னுக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. அதன் அருகே போனால் ஒலி வாயிலிருந்து முழுசாக வெளியேறாமல் திரும்பித் தொண்டைக்கே ஓடும். அந்தப் போக்குவரத்துதான் மூக்கொலி. தோராயமான கணக்கு: வாயின் சுற்றளவு, பாடவேண்டிய மிகக் கீழான ஒலியின் அலைநீளத்துக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். 500 ஹெர்ட்ஸின் அலைநீளம் 69 சென்டிமீட்டர், ஆகவே வாயின் குறுக்களவு 22 சென்டிமீட்டர். ஆனால் எல்லையில் நின்று விளையாடக் கூடாது. 500க்கு வரைந்த ஹார்னை 800க்கு மேல் பயன்படுத்துங்கள்.

அடுத்தது வாயின் விளிம்பு. வெட்டிவிட்ட மாதிரி சடாரென முடிந்தால் அங்கேயும் ஒலி மோதித் திரும்பும். அணசைப் பாருங்கள், விளிம்பு எப்படி வெளியே உருண்டு போகிறது! ஹார்ன் விளிம்பும் அப்படி உருளட்டும். முடியாவிட்டால் சுற்றிலும் தடித்த கம்பளித் துணியாவது ஒட்டுங்கள்.

உலோக ஹார்ன் என்றால் விரல் முட்டியால் தட்டுங்கள். மணியடித்தால் வெளிப்புறம் தார்ப் பட்டை ஒட்டி ஊமையாக்குங்கள்.

பாதிப் பேர் வீட்டில் காரணம் இவை எதுவுமில்லை. கம்ப்ரஷன் டிரைவர் 108, 110 டெசிபெல் என்று கத்தும், கீழே வூஃபர் 97தான். டிரைவரைப் போதுமான அளவு குறைக்காமல் விட்டிருப்பார்கள். 10 டெசிபெல் குறைக்க, 8 ஓம் டிரைவருக்குத் தொடரில் 5.6 ஓம், டிரைவருக்குக் குறுக்கே 3.6 ஓம் ரெசிஸ்டர் போட்டாலே பாதி மூக்கடைப்பு போய்விடும். சந்தேகமிருந்தால் இன்னும் ஒரு டெசிபெல் குறையுங்கள். முதல் நாள் மந்தமாகத் தோன்றும். ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கூட்ட மனம் வராது.

இன்னொன்று, ஒரே விரிவில் பாய்ச்சும்படி செய்த புதுவகை ஹார்ன்களில் சுமார் 3, 4 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி சரிந்துகொண்டே போகும். அதை ஈடுகட்டும் சர்க்யூட் கிராஸ்ஓவரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழ்க்குரல் மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு, ஜால்ரா செத்துப்போகும்.

வூஃபரும் ஹார்னும் தனித்தனியாகக் கேட்கின்றன. சேர மாட்டேன் என்கிறதே?

முதலில் தள்ளி உட்காருங்கள். எட்டடிக்குள் உட்கார்ந்தால் பெரிய ஹார்ன் செட் சேராது.

பத்தடியிலும் சேரவில்லை என்றால் முன்பின் இடம் சரியில்லை. ஹார்ன் நீளமானது. ஒலி பிறக்கும் இடம் அதன் பின்கோடியில், டிரைவருக்குள் இருக்கிறது. வூஃபரின் ஒலியோ பெட்டியின் முன்முகத்தில் பிறக்கிறது. ஒலிக்கு ஓரடி போகச் சுமார் 0.9 மில்லிசெகண்ட் ஆகும். 800 ஹெர்ட்ஸில் ஓர் அலை 17 அங்குலம். எட்டரை அங்குலம் முன்பின் ஆனால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், அந்த இடத்தில் குரலில் ஓட்டை விழும்.

கருவி எதுவும் இல்லாமல் சரிசெய்யும் வழி இது. ஒரு ஸ்பீக்கரை மட்டும் ஓடவிடுங்கள். போனில் ஒரு டோன் ஆப் போட்டு, கிராஸ்ஓவர் இருக்கும் அதே ஹெர்ட்ஸில் ஒற்றைச் சுரம் எழுப்புங்கள். ஹார்ன் டிரைவருக்குப் போகும் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள். இப்போது வூஃபரும் ஹார்னும் ஒன்றையொன்று அழிக்க வேண்டும். ஒருவர் நாற்காலியில் காதை வைத்து உட்காரட்டும், இன்னொருவர் ஹார்னை அங்குலம் அங்குலமாக முன்பின் நகர்த்தட்டும். சத்தம் மிகவும் தேய்ந்துபோகும் இடம் ஒன்று வரும். அங்கே பென்சிலால் கோடு போட்டு, வயர்களை மறுபடி பழையபடி மாற்றிவிடுங்கள். ஓர் அலை தள்ளியும் இதேபோல் தேயும் இடம் உண்டு, அதனால் டிரைவரும் வூஃபரும் செங்குத்தாக ஏறக்குறைய ஒரே கோட்டில் வரும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நகர்த்தியவர் என் மைத்துனர். நடுவில் இரண்டு முறை கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். டிஜிட்டல் கிராஸ்ஓவர் வைத்திருப்பவர்களுக்கு மைத்துனர் தேவையில்லை, தாமதத்தை எண்ணாகத் தட்டினால் போதும்.

அளந்து பார்க்க ஆசையிருந்தால் ஆர்.இ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருளும் ஒரு யூ.எஸ்.பி. அளவை மைக்கும் போதும். அளந்து கிடைத்த கோட்டை நூல் பிடித்த மாதிரி நேராக்கிக்கொண்டே உட்காராதீர்கள். அது தனி வியாதி.

அடிச்சுரத்துக்கும் ஹார்ன் போடலாமா?

40 ஹெர்ட்ஸின் அலைநீளம் எட்டரை மீட்டர். மேலே சொன்ன கணக்கின்படி வாய் ஒன்பதடி குறுக்களவு. அறையே 12½ அடி. சுவரோரமும் மூலையும் உதவும் என்பதால் கொஞ்சம் சுருக்கலாம், ஆனாலும் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். மேலே ஹார்ன், கீழே 15 அங்குல வூஃபர் என்பதே நம் வீடுகளுக்கான சமாதானம். பழைய கொட்டகைக்காரர்களும் பின்னால் இந்தப் பக்கம்தான் சாய்ந்தார்கள்.

அறை செய்யும் சேட்டை ஒன்று உண்டு. 12½ அடி அகலத்தில் சுமார் 45 ஹெர்ட்ஸும், பத்தடி உயரத்தில் சுமார் 56 ஹெர்ட்ஸும் தேங்கி நின்று ஊதும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் சில சுருதிகளில் மட்டும் வீங்கிக் கேட்டால் அதற்குக் காரணம் ஸ்பீக்கர் இல்லை. நாற்காலியை ஓரடி பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள், பெட்டியையும் பக்கச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். காசு செலவழிப்பது அதற்கப்புறம்.

பாட்டு இல்லாதபோது உஸ் என்று ஒரு சத்தம் வருகிறது. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. ஆம்பின் உஸ் எப்போதும் இருந்ததுதான், ஹார்ன் அதையும் 32 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. டிரைவருக்கு முன் ரெசிஸ்டர் போட்டால் உஸ்ஸும் சேர்ந்து குறையும். உம் என்ற இரைச்சல் என்றால் அது எர்த் பிரச்சினை. இங்குள்ள பழைய வீடுகளில் எர்த் கம்பி ஒழுங்காக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. எல்லாச் சாமானையும் ஒரே பிளக் பலகையில் போடுங்கள். அதிலும் போகாவிட்டால் பேட்டரிக்கு மாறுங்கள், சட்டென்று நின்றுவிடும்.

எவ்வளவு விலைக்கு ஸ்பீக்கர் வயர் வாங்கலாம்?

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். அடுத்த கேள்வி.

கரண்ட் வந்து போவதில் ஹார்ன் கெடுமா?

கெடும். எனக்குக் கெட்டது. கிராஸ்ஓவரிலிருந்து ஆம்புக்கு, ஆம்பிலிருந்து நேராகக் கம்ப்ரஷன் டிரைவருக்கு என்று நடுவில் எதுவுமில்லாமல் மாட்டியிருந்தேன். சுத்தமான ஒலிப் பாதை என்று பெருமை வேறு. ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் திரும்பி வந்தபோது ஆம்ப் முதலில் விழித்துக்கொண்டது, கிராஸ்ஓவர் பின்னால் எழுந்து ‘டப்’ என்று ஓர் உதை கொடுத்தது. டைட்டானியத் தகடு நொறுங்கிவிட்டது. மாற்றுத் தகடு பாங்காக்கிலிருந்து ஒரு நண்பர் கையில் வந்து சேர நான்கு மாதம். அதுவரை ஒற்றைக் காதோடு கேட்டேன்.

இப்போது டிரைவருக்குத் தொடரில் 100 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் ஒன்று நிற்கிறது. 8 ஓமுக்கு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை அது தடுக்கும், 800க்கு மேல் பாடும் ஹார்னை ஏறக்குறைய தொடாது. இன்னொரு பழக்கம்: கடைசியாகப் போட வேண்டியதும் முதலில் அணைக்க வேண்டியதும் ஆம்ப். கரண்ட் போனவுடன் ஆம்பின் சுவிட்சைத் தட்டிவிடுங்கள்.

பர்மாத் தேக்கிலேயே செய்துவிடட்டுமா?

ஆசை நியாயம்தான். தேக்கு விளையும் நாட்டில் இருந்துகொண்டு வேறு மரத்தில் செய்வதா என்று தோன்றும். ஹார்ன் வாய்க்குத் தேக்குத் துண்டுகளை ஒட்டிக் கடைந்து செய்யலாம், அழகாக இருக்கும். ஒலிக்கு அதனால் லாபம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஒலி கேட்பது வடிவத்தைத்தான். வூஃபர் பெட்டிக்கு 18 மில்லிமீட்டர் நல்ல பிளைவுட். எந்த முழு மரப் பலகையானாலும் மழைக்கும் வெயிலுக்கும் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும், அகலமான பலகை இணைப்பு விடும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வேண்டவே வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் அப்பளம் மாதிரி உப்பிவிடும்.

சுவருக்கு ஃபோம் ஒட்ட வேண்டுமா?

முட்டை அட்டை மாதிரி மெல்லிய ஃபோம் உச்ச ஒலியை மட்டும் தின்றுவிட்டு, அறையை இன்னும் இருட்டாகக் கேட்கவைக்கும். இங்கே இலவம் பஞ்சு மெத்தை எளிதாகக் கிடைக்கிறது. நான்கு அங்குலக் கனத்தில் இரண்டு மெத்தையைத் துணி உறை போட்டு, பக்கச் சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். அந்த இடைவெளிதான் முக்கியம். ஒலிக்கும் நல்லது, பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும் நல்லது. எங்கே நிறுத்துவது என்றால், நீங்கள் நாற்காலியில் இருக்க, ஒருவர் சுவரோரம் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடம். தரையில் ஒரு கனத்த ஜமக்காளம். புத்தக அலமாரி இருந்தால் வெளியே தூக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்?

ஹார்னின் உச்ச ஒலியைத் திசை திருப்பலாம், வூஃபரின் அடிச்சுரத்துக்குப் பொதுச் சுவர் ஒரு தடையே இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நான் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுகிறேன். சைங் வைங் கேட்கும் நாளில் பக்கத்து வீட்டுப் பர்மியத் தாத்தாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துவிடுவேன். புகார் வந்ததில்லை.

உங்கள் காதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பெட்டி திணறும்போது நமக்கே தெரிந்து குறைப்போம். ஹார்ன் திணறாது, அதனால் சத்தம் ஏறியது தெரியாது. 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம், மூன்று டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதி. 94க்கு ஒரு மணி நேரம்தான்.

சரியாக வைத்தேனா என்று எப்படித் தெரியும்?

அனவ்ரதா சாலைக் காளி கோயிலில், 1871ல் நம் ஆட்கள் கட்டியது, விசேஷ நாளில் மேளம் வாசிக்கும்போது பத்தடி தள்ளி நின்று கேட்டுவிட்டு வாருங்கள். மைக் வைக்காத நேரமாகப் பாருங்கள். தவில் வலந்தலையின் அடி எப்படிச் சட்டென்று எழுந்து அடங்குகிறது, நாகசுரம் எவ்வளவு உரக்க இருந்தும் காதைக் குத்தாமல் இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்து ஒரு நாகசுரப் பதிவைப் போடுங்கள். குத்தினால் இன்னும் வேலை இருக்கிறது. பழைய 78 ஆர்.பி.எம். பதிவுகளை வைத்துத் தீர்மானிக்காதீர்கள், அவற்றில் உள்ள கரகரப்புக்கு ஹார்ன் பொறுப்பில்லை.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

மே முதல் அக்டோபர் வரை ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்ட விடாதீர்கள். அடியில் இரண்டு அங்குலம் கட்டை கொடுங்கள். தினமும் கொஞ்ச நேரம் பாடவிடுவது நல்லது. வூஃபர் காகிதத்தில் வெள்ளையாகப் பூஞ்சை கண்டால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள், ஈரத்துணி ஆகாது.

மேலே உள்ள ஹார்னைப் பெட்டியோடு ஒரு பட்டையால் கட்டி வையுங்கள். டிரைவர் பின்பக்கம் கனம், கொஞ்சம் ஆடினாலும் பின்னால் சாயும். 2025 மார்ச் 28ல் சகாயிங் பக்கம் 7.7 அளவில் நிலம் நடுங்கிய பிறகு நான் இதைக் கட்டாயமாகவே சொல்கிறேன்.

அப்புறம் குளவி. ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் ஹார்ன் தொண்டைக்குள் மண்கூடு இருக்கும். இடது பக்கம் மட்டும் மந்தமாகக் கேட்கிறது என்று மூன்று நாள் கிராஸ்ஓவரைத் திருகிக்கொண்டிருந்த ஒருவர் வீட்டில், டார்ச் அடித்துப் பார்த்துக் கூட்டை நான்தான் எடுத்தேன். ஊருக்குப் போகும்போது ஹார்ன் வாயை ஒரு பழைய லுங்கியால் மூடிக் கட்டிவிட்டுப் போங்கள். வந்ததும் அவிழ்க்க மறந்துவிடாதீர்கள், அதற்கும் ஒருவர் போன் செய்தார்.